நோயாளரைத் தேற்றிய ஊரும் நோயுற்ற ஆறும்

பெருநகரின் நிழலில் வாழும் சிற்றூர்களுக்கென ஒரு குறை உண்டு. அவற்றின் வழியே நாள்தோறும் பல்லாயிரவர் போய்வருவர். நின்று பார்ப்பவரோ மிகச் சிலர். சென்னைக்கு மேற்கே உள்ள பூவிருந்தவல்லியின் நிலையும் இதுவே. பேருந்தின் நெற்றியில் 'பூந்தமல்லி' என்னும் பெயரைக் காணாத சென்னைவாசி இலர். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் தீர்ப்பளித்த தனி நீதிமன்றம் இவ்வூரில் இருந்ததைச் செய்தித்தாள்களில் படித்தவர்களும் நம்மிடையே பலர். ஆயினும் இவ்வூருக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு என்பதையும், இதன் வடக்கே ஓடும் ஆற்றுக்கு அதனினும் நீண்ட வரலாறு உண்டு என்பதையும் அறிந்தோர் எத்துணைப் பேர்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு ஆகிய பகுதிகளில் இன்று கத்தோலிக்கக் குடும்பங்கள் பெருகி வருகின்றன. தென் மாவட்டங்களினின்றும் வட ஆர்க்காட்டினின்றும் வேலை தேடி வந்து, மனை வாங்கி, வீடு கட்டிக் குடியேறியவர்களே இவர்களுள் மிகப் பலர். தாம் வாழும் மண்ணின் கதையை இவர்களும் இவர்தம் பிள்ளைகளும் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆவலினாலேயே இக்கட்டுரையை வரைகின்றோம்.

இரு நீர்களுக்கு இடையே

முதலில் நில அமைப்பைக் காண்போம். பூவிருந்தவல்லிக்கு வடக்கே கூவம் ஆறு ஓடுகின்றது. மேற்கே கடல்போல் பரந்து கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. அந்த ஏரியின் உபரிநீர் தெற்கே அடையாற்றில் சேர்கின்றது. ஆகவே சென்னையின் இரு பெரும் ஆறுகளுக்கும் இடையே அமைந்த மேட்டுநிலமாக இவ்வூர் விளங்குகின்றது. வடபுறம் விழும் மழை கூவத்தை நாடும். தென்புறம் விழும் மழை அடையாற்றை நாடும்.

கூவம் பிறக்கும் இடம் பலர் அறியாதது. கொசத்தலை ஆற்றின் குறுக்கே கேசவரம் என்னுமிடத்தில் ஓர் அணைக்கட்டு உள்ளது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கொசத்தலையாகவே வடகிழக்கே சென்று, 1944-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்து, பின்னர் எண்ணூரில் கடலோடு கலக்கின்றது. மற்றொரு கிளையோடு கூவம் என்னும் சிற்றூரின் ஏரி உபரிநீரும் சேர, அவ்வூரின் பெயரையே ஆறும் பெறுகின்றது. அங்கிருந்து சுமார் 72 கிலோமீட்டர் தூரம் ஓடி, சேப்பாக்கத்தின் அருகே வங்கக் கடலில் விழுகின்றது. இப்பள்ளத்தாக்குகளில் முற்காலத்தில் பாலாறே பாய்ந்தது என்றும், பின்னர் அது தெற்கே விலகிச் சென்றது என்றும் நிலநூல் அறிஞர் கருதுவர்.

இந்நீர்வெளியின் தொன்மைக்கு வேறொரு சான்றும் உண்டு. கொசத்தலையாற்றை அடுத்த அத்திரம்பாக்கத்தில் 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலார் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று கூறுகின்றது. நம் சுற்றுப்புறத்து ஆறுகளை நம்பி மாந்தர் வாழத் தொடங்கியது நேற்று இன்று அன்று.

கூவம் வற்றாத ஆறு அன்று. வடகிழக்குப் பருவமழை பொழியும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே அது பெருகும். அக்காலத்து மக்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். சில மாதமே வரும் நீரை ஆண்டு முழுதும் ஆளும் பொருட்டு ஏரிகளையும் தாங்கல்களையும் தோண்டினர். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீர் வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. மதகைத் திறந்தால் வயலுக்குப் பாயும். ஐயப்பன்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்கள் இன்றும் இதனை நமக்கு நினைவூட்டுகின்றன. தாங்கல் என்றால் சிறு ஏரி என்பதே பொருள். இன்று அவ்விடங்களில் நிற்பவர் கண்களுக்குத் தெரிவன அடுக்குமாடிக் கட்டடங்களே. எனினும் பெருமழை வரும்போது நீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வந்துவிடுகின்றது.

செம்பரம்பாக்கம் ஏரியும் கூவத்தின் உறவினரே. திருமழிசைக்கு அப்பால் ஜமீன் கொரட்டூரில் கூவத்தின் குறுக்கே ஓர் அணைக்கட்டு உள்ளது. அங்கிருந்து புதிய பங்காரு கால்வாய் வழியாக ஆற்றுநீர் செம்பரம்பாக்கத்திற்குத் திருப்பப்படுகின்றது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் உடைய அந்த ஏரி, சென்னையின் தாகம் தீர்க்கும் முதன்மை நீர்நிலைகளுள் ஒன்றாகும். சென்னை மக்கள் எந்த ஆற்றின் பெயரைக் கேட்டு மூக்கைப் பொத்துகின்றனரோ, அதே ஆற்றின் நீரை ஓரளவேனும் குடித்தும் வருகின்றனர் என்பது வியப்பன்றோ!

பூக்கள் பெயர் தந்த ஊர்

பூவிருந்தவல்லி என்னும் பெயரோடு இணைத்துப் பேசப்படுபவர் திருக்கச்சி நம்பி. பதினோராம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்த இவ்வைணவப் பெரியார், இங்கே மலர்த்தோட்டம் வளர்த்துக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளுக்குப் பூமாலை கொண்டு சென்றார் என்பர். அவருடைய நினைவாக இவ்வூரிலும் வரதராசப் பெருமாள் கோயில் உள்ளது. அங்குள்ள தாயாரின் பெயர் புட்பவல்லி.

இவரது வாழ்வில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவர் அந்தணர் குலத்தவர் அல்லர். ஆயினும் இராமானுசர் இவரைத் தம் ஆசானாகப் போற்றினார். தம் இல்லத்திற்கு அழைத்து, இவர் உண்டபின் எஞ்சியதைத் தாம் உண்ண விரும்பினார். இராமானுசரின் மனைவியாரோ, நம்பி உண்ட இடத்தைத் தூய்மை செய்துவிட்டுக் கணவருக்கு வேறு உணவு சமைத்து வைத்தார் என்றும், அது கண்டு இராமானுசர் பெரிதும் மனம் நொந்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். விருந்தினரின் சாதியைப் பாராது அவருடைய பண்பைப் பார்க்க வேண்டும் என்னும் பாடத்தை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரார் ஒருவரை முன்னிட்டு நாடு கேட்டது. நம் இல்லங்களில் அப்பாடம் முற்றும் கற்கப்பட்டுவிட்டதா என நம்மை நாமே வினவிக்கொள்வது நன்று.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே சிறிது தொலைவில் திருமழிசை உள்ளது. ஆழ்வார் பன்னிருவருள் ஒருவரான திருமழிசை ஆழ்வார் தோன்றிய ஊர் அது. பிரம்புத் தொழில் செய்து பிழைத்த எளிய குடும்பத்தில் அவர் வளர்ந்தார் என்பது மரபு. அவருடைய சீடர் கணிகண்ணரைப் பல்லவ மன்னன் நாடுகடத்திய போது, ஆழ்வாரும் உடன் புறப்பட, அவர் வேண்டுகோளுக்கிணங்கிக் காஞ்சியின் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார் என்னும் கதை தமிழ்நாட்டில் மிகவும் புகழ்பெற்றது. அதிகாரத்திற்கு அஞ்சாத நட்பின் கதையாக அதனை நாம் போற்றலாம். அத்திருமழிசையின் பெயர் அண்மையில் மற்றொரு வகையிலும் ஊரெங்கும் ஒலித்தது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020-ஆம் ஆண்டு மே மாதம், கோயம்பேட்டுக் காய்கறி அங்காடி மூடப்பட்டுத் தற்காலிகமாக அங்கே மாற்றப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் வரையில் சென்னைக்கு வேண்டிய காய்கறி அங்கிருந்தே சென்றது.

கூவத்தின் கரையிலேயே அமைந்த ஊர் திருவேற்காடு. நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று இறைவனை வழிபட்ட காடு ஆதலால் இப்பெயர் வந்ததெனத் தலபுராணம் கூறும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலங்களுள் இங்குள்ள வேதபுரீசுவரர் கோயிலும் ஒன்று. ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள கூவம் ஊர்க்கோயிலையும் அவரே பாடியுள்ளார். திருவிற்கோலம் என்பது அதன் பழம்பெயர். இங்ஙனம் ஒரே ஆற்றின் மேற்பகுதியிலும் இடைப்பகுதியிலும் பாடல்பெற்ற தலங்கள் அமைந்திருத்தல், அக்காலத்தில் இவ்வாற்றங்கரை எத்துணைச் செழிப்பாக இருந்தது என்பதை உணர்த்தும். அறுபத்து மூன்று நாயன்மாருள் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்ததும் திருவேற்காட்டில்தான். அடியார்க்கு நாள்தோறும் அமுது படைப்பதே அவர் கொண்ட நோன்பு. கைப்பொருள் தீர்ந்தபின் சூதாடியேனும் பொருளீட்டி அவர் அதனைத் தொடர்ந்தார். அவருடைய வரலாற்றைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழாரும் அயலூர்க்காரரே; அவரது ஊர் பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூர். இன்று திருவேற்காட்டுக்குத் திரளாக வரும் மக்கள் பெரும்பாலும் தேவி கருமாரியம்மன் கோயிலை நாடி வருபவர்களே. ஆடி மாதத்தில் அவ்வழியே செல்லும் நம்மவர் அக்கூட்டத்தை நன்கு அறிவர்.

சென்னைக்கு முன்னே பிறந்த ஊர்

சென்னை நகரம் தோன்றுவதற்கு முன்னரே பூவிருந்தவல்லி ஆட்சித்தலமாக இருந்தது. 1639-ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பாருக்குக் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். அவர் வந்தவாசியில் இருந்து ஆண்டுவர, அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் தங்கி இப்பகுதியின் காரியங்களைக் கவனித்து வந்தார். இவ்விருவரின் தந்தையாகிய சென்னப்ப நாயக்கரின் பெயரே சென்னப்பட்டினம் என்று நகருக்கு வழங்கலாயிற்று என்பர். ஆகவே சென்னையின் பிறப்புப் பத்திரத்தில் பூவிருந்தவல்லியின் பெயரும் உண்டு எனலாம்.

நாயக்கருக்குப் பின்னர் இப்பகுதி கோல்கொண்டா சுல்தானின் ஆளுகைக்கு உட்பட்டது. அக்காலத்தில், 1653-ஆம் ஆண்டு, இவ்வூரில் ஒரு மசூதி எழுந்தது. கோல்கொண்டாவின் ஆளுநர்கள் இங்கிருந்துகொண்டே சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரைக் கண்காணித்தனர். 1680-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூவிருந்தவல்லியின் ஆளுநராக இருந்த லிங்கப்பா என்பவர், கம்பெனியாரோடு பிணக்குற்று, கோட்டைக்கு உணவுப்பொருள் செல்லாதவாறு வழிகளை அடைத்தார். நெல்லும் விறகும் மேற்கிலிருந்தே வரவேண்டும். மேற்கின் வாயிலோ பூவிருந்தவல்லி. இவ்வூரைப் பகைத்துக்கொண்டு சென்னை உண்ண இயலாத காலம் ஒன்று இருந்தது!

1763-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகக் கம்பெனிக்கு வழங்கியபின் நிலைமை தலைகீழாயிற்று. அதிகாரம் கடற்கரைக் கோட்டைக்குச் சென்றது. பூவிருந்தவல்லியோ அக்கோட்டையின் படைவீரர் தங்கும் துணையிடமாக மாறியது.

வரலாற்றின் மற்றொரு திருப்பம் இருப்புப்பாதையினால் வந்தது. 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்கு ஓடியது. அப்பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்றது. பூவிருந்தவல்லி தெற்கே ஒதுங்கிற்று. ஆகவே பின்னாளில் தொழில்கள் அப்பாதையின் ஓரமாகவே வளர்ந்தன. 1949-ஆம் ஆண்டு அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. 1955-ஆம் ஆண்டு சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிசப் பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் உருவாயின. விசயந்தா டாங்குகள் ஆவடியில் செய்யப்பட்டன. அவ்வேலைகளை நாடி வந்த குடும்பங்களே இன்று நம் பங்குகளின் மூத்த குடும்பங்கள். பூவிருந்தவல்லியோ பெங்களூர் நெடுஞ்சாலையின் ஊராக, பேருந்துகளின் ஊராக நெடுங்காலம் நின்றுவிட்டது. அந்நிலையும் இப்போது மாறி வருகின்றது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு வழித்தடம் அமைக்கப்பட்டு வருகின்றது. அதன் சோதனை ஓட்டம் 2025-ஆம் ஆண்டு இவ்வூரில்தான் தொடங்கிற்று. இரயில் வரவேண்டும் என 169 ஆண்டுகள் காத்திருந்த ஊர் இது!

தேற்றும் ஊர்

இவ்வூரின் வரலாற்றை ஊன்றிப் பார்க்கும்போது ஓர் இழை இடையறாது ஓடுவதைக் காண்கின்றோம். அஃது நோயுற்றவரையும் நலிந்தவரையும் பேணுதல்.

இவ்வூரின் பழைய சிவன் கோயிலில் இறைவனுக்கு வைத்தீசுவரன், அதாவது மருத்துவர்களின் தலைவன், என்பது பெயர். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே படைவீரர் பாசறை இருந்தது. கப்பலில் வந்திறங்கிய இளம் வீரர்கள் நாட்டின் வெப்பத்திற்குப் பழகவும், காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் மெலிந்தவர்கள் உடல் தேறவும் இவ்வூருக்கு அனுப்பப்பட்டனர். பழைய கோட்டை மருத்துவமனையாகப் பயன்பட்டது. அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வறுமையினால் படையில் சேர்ந்து, தாயைப் பிரிந்து வந்து, இம்மண்ணில் நோயோடு போராடிய இளைஞர்களை எண்ணிப் பாருங்கள்! அவர்களுள் நம் கத்தோலிக்க விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

அவ்வீரர்கள் இவ்வூரை மறக்கவில்லை போலும். கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், 1832-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரிடோ கால்வாயில், படகுகளை ஏற்றி இறக்கும் மடைவாயில் ஒன்றின் பெயர் 'பூனமலி'. இந்தியாவில் பணியாற்றிய ஒருவர் நம் பூந்தமல்லியின் நினைவாகச் சூட்டிய பெயர் அது என்பர். 2007-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கால்வாயில், தெளிந்த நீரின் கரையில், நம்மூர்ப் பெயர் வாழ்கின்றது.

படை போயினும் பேணும் பணி போகவில்லை. பார்வையற்ற சிறுவர்களுக்கான அரசுப் பள்ளி இவ்வூரில் நடைபெறுகின்றது. பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கேயே அமைந்துள்ளது. பொதுச் சுகாதாரப் பணியாளரைப் பயிற்றுவிக்கும் அரசு நிறுவனமும் இங்குண்டு. வெண்கோலைத் தட்டியவாறு சாலையைக் கடக்கும் மாணவர்க்கு வழிவிட்டு நிற்கும் பேருந்து ஓட்டுநரை, நாம் இவ்வூரில் கண்டிருக்கின்றோம்.

நம் திருச்சபைக்கும் இவ்வூரோடு நெருங்கிய உறவு உண்டு. பாரீசு நகரில் பிறந்து சலேசிய சபைத் துறவியாகி, 1935-ஆம் ஆண்டு சென்னையின் பேராயராக வந்த லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை, அடுத்த ஆண்டே பூவிருந்தவல்லியில் திரு இருதயக் குருமடத்தை நிறுவினார். ஆன்மாக்களைப் பேணும் மருத்துவர்களாகிய குருக்கள் எத்தனையோ பேர் அங்கே உருவாகித் தமிழ்நாடெங்கும் சென்றுள்ளனர். பரங்கிமலையில் தொடங்கும் நெடுஞ்சாலை ஒன்று பூவிருந்தவல்லியில் முடிகின்றது என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும். அச்சாலையின் ஒரு முனையில், புனித தோமையார் தம் இரத்தத்தைச் சிந்தினார் என மரபு கூறும் குன்று. மறுமுனையில், அவர் கொணர்ந்த நற்செய்தியைப் பரப்பக் குருக்களை உருவாக்கும் மடம்!

ஆறு நோயுறும் இடம்

இத்துணைப் பேரைத் தேற்றிய ஊரின் எல்லையிலேதான், அந்தோ, கூவம் ஆறு நோயுறத் தொடங்குகின்றது.

கேசவரம் முதல் ஆவடியை அடுத்த பருத்திப்பட்டுத் தடுப்பணை வரை, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம், கூவம் நாட்டுப்புறத்து ஆறாகவே ஓடுகின்றது. மழைக்காலத்தில் அங்கே நீர் தெளிந்து ஓடும், சிறுவர் குளிப்பர், மாடுகள் நீர் குடிக்கும், கொக்கும் நாரையும் மீன் தேடும். பருத்திப்பட்டைக் கடந்து திருவேற்காடு, அயனம்பாக்கம், நொளம்பூர், மதுரவாயல் என ஊர்கள் நெருங்க நெருங்க, கழிவுநீர் கலந்து ஆற்றின் நிறம் மாறுகின்றது. எஞ்சிய 32 கிலோமீட்டரும் அது நகரின் சாக்கடை என்றே இழித்துரைக்கப்படுகின்றது. அரசு 2015-ஆம் ஆண்டளவில் தொடங்கிய கூவம் சீரமைப்புத் திட்டமும் பருத்திப்பட்டுத் தடுப்பணை முதல் கழிமுகம் வரையிலான பகுதிக்கே வகுக்கப்பட்டது. நோய் எங்கே தொடங்குகின்றது என்பதை இது காட்டவில்லையா? அது தொடங்குவது சேத்துப்பட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ அன்று. நம் புறநகரில், நம் வீடுகளின் பின்புறத்தில்.

கூவம் என்றும் இவ்வாறே இருந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியார், நகரின் நடுவே கோமளீசுவரன்பேட்டையில், கூவத்தில் நீராடிவிட்டே கோயிலுக்குச் சென்றார் எனக் கூறுவர். அவர் மறைந்தது 1794-ஆம் ஆண்டு. ஓர் ஆறு தூய்மையிழக்க ஆயிரம் ஆண்டுகள் தேவைப்படவில்லை. சில தலைமுறைகளின் அசட்டையே போதுமானதாயிற்று.

ஆற்றையும் ஏரியையும் புறக்கணித்ததன் பயனை நம் தலைமுறை இருமுறை கண்டது. 2015-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் கொட்டிய பெருமழையில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட, அடையாற்றங்கரை முழுதும் வெள்ளத்தில் மூழ்கிற்று. கூவமும் தன் கரைகளை மீறியது. நான்கே ஆண்டுகள் கழிந்து 2019-ஆம் ஆண்டு கோடையில் அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்தது. ஒரு குடம் நீருக்காகத் தாய்மார் நள்ளிரவில் லாரிகளுக்குக் காத்து நின்றனர். வெள்ளத்திற்கும் வறட்சிக்கும் காரணம் ஒன்றே: மழைநீரைத் தாங்க வேண்டிய தாங்கல்களும், அதனைக் கொண்டுசெல்ல வேண்டிய கால்வாய்களும் தூர்ந்து போனமையும், அவற்றின்மேல் வீடுகள் எழுந்தமையும் ஆகும். வாங்கும் மனை ஏரியின் உட்பகுதியா, கால்வாயின் வழியா என்று விசாரியாமல் பணம் கொடுப்பவர் தம் பிள்ளைகளுக்கு வெள்ளத்தையும் சேர்த்தே வாங்கித் தருகின்றனர்.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

அரசின் பணி பெரிது; அதனை அரசே செய்ய வேண்டும். ஆயினும் குடும்பங்கள் செய்யக்கூடியவையும் உண்டு.

புறநகரில் பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத தெருக்கள் பல. அங்கெல்லாம் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிறைந்தவுடன் லாரியை அழைக்கின்றோம், பணம் கொடுக்கின்றோம், லாரி போய்விடுகின்றது. அது எங்கே போயிற்று என்று நம்மில் யார் கேட்கின்றோம்? சுத்திகரிப்பு நிலையத்திற்குப் போகாத லாரி, இருள் சூழ்ந்தபின் ஆற்றங்கரைக்கோ ஏரிக்கோதான் போகும். அத்தகைய லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. உரிமம் உள்ளதா, கழிவை எங்கே கொட்டுவீர்கள் எனக் கேட்பதற்கு ஒரு நிமிடமே போதும். நூறு வீடுகள் கேட்டால் ஓட்டுநர் வழி மாறுவார். அவ்வாறே, தொட்டிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக ஏழை ஒருவரை நச்சுக்காற்றினுள் இறக்குவது சட்டப்படி குற்றம். கடவுள் முன்னும் பெரும் குற்றம்.

மழைநீர்க் கால்வாயில் வீட்டுச் சாக்கடையை இணைப்பது மற்றொரு தீங்கு. தெருவோரக் கால்வாய் நேரே ஆற்றிற்கே செல்கின்றது. மொட்டைமாடியில் விழும் நீரை நிலத்தில் இறக்கும் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிகள் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டன. அன்று அமைத்த பல தொட்டிகள் இன்று மண்மூடிக் கிடக்கின்றன. புரட்டாசி மாதத்திலேயே அவற்றைத் தூர் எடுத்துக் கூழாங்கல்லை மாற்றி வைத்தால், ஐப்பசி மழை நம் கிணற்றைத் தேடி வரும். அன்பியக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசலாம். இளைஞர் மன்றத்தினர் முதியோர் வீடுகளில் இப்பணியைச் செய்து கொடுக்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நம் பிள்ளைகளுக்கு இவ்வூரைக் காட்ட வேண்டும். விடுமுறை நாளில் கேளிக்கைப் பூங்காவுக்குச் செலவிடும் பணத்தில் பத்தில் ஒரு பங்கும் இதற்கு வேண்டியதில்லை. காலையில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையின் காட்சியைக் காட்டுங்கள். பூவிருந்தவல்லிக்கு வந்து, பெருமாள் கோயில் கோபுரத்தையும் பழைய மசூதியையும் வெளியே நின்றேனும் காட்டி, இவ்வூரில் யார் யார் வாழ்ந்தனர் என்று எடுத்துரையுங்கள். திரு இருதயக் குருமடத்தின் முன்னின்று குருக்களுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். பின்னர் ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரிக்குச் செல்லுங்கள். சாக்கடையும் ஆகாயத்தாமரையும் நிறைந்து கிடந்த அந்த ஏரி சீர்செய்யப்பட்டு, 2019-ஆம் ஆண்டு பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே நடைபாதையில் முதியோர் உலாவுகின்றனர். பறவைகள் திரும்பி வந்துள்ளன. கழிவுநீர் மீண்டும் கலவாதபடி காத்தால் அது நிலைக்கும். காவாதுவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும். கெட்ட நீர்நிலையை மனிதரால் திருத்த இயலும் என்பதற்கு அந்த ஏரி கண்கண்ட சான்று.

இறுதியாக, கார்த்திகை மாதத்து மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், பருத்திப்பட்டுத் தடுப்பணைக்கு மேற்கே கூவம் ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இதுவா கூவம் என அவர்கள் கேட்பர். ஆம், இதுவே கூவம் எனச் சொல்லுங்கள். அங்கிருந்து கிழக்கே, அதே ஆறு நம் தெருக்களை எட்டும் இடத்திற்கும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். இரண்டையும் கண்ட பிள்ளை, வளர்ந்தபின் தன் வீட்டுக் கழிவு எங்கே செல்கின்றது என்று கேட்காமல் இருக்க மாட்டாது.